24 மீற்றர் ஆழத்தில கிடக்கிற கப்பலுக்கு 18 மீற்றர் சுழியோட்டச் சான்றிதழோட போகலாமோ?

காரைநகரான்
எல்லாருக்கும் வணக்கம். வாற மாதம் நாலைஞ்சு பேர் சேர்ந்து பாசிக்குடாவுக்குப் போறம். ஒரே நாளில ரெண்டு டைவ் எண்டு பேசியிருக்கு. முதலாவது 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' எண்ட பழைய எண்ணெய்க் கப்பல், 24 மீற்றர் மட்டில கிடக்குதாம். ரெண்டாவது கரைக்குக் கிட்ட ஒரு முருகைக்கல், 12–14 மீற்றர்.

என்னட்ட இருக்கிறது முதல் நிலைச் சான்றிதழ், 18 மீற்றர். இறங்கினது எல்லாம் திருகோணமலைப் புறாமலைத் தீவுப் பக்கம், 12 மீற்றருக்குள்ள. போன ஆவணிக்குப் பிறகு தண்ணிக்க இறங்கேல்ல. "வழிகாட்டி கூட வருவார், பயப்பிடாதேங்கோ" எண்டு ஏற்பாட்டாளர் சொல்லுறார். ஆறு மீற்றர்தானே கூட. ஒரு டைவ் எனக்குச் சரியோ பிழையோ எண்டு எதை வைச்சுத் தீர்மானிக்கிறது?

நீரோட்டம்
தம்பி, முதல் பதில் நேரடியாக: இப்ப உள்ள நிலையில் வேண்டாம். 18 மீற்றர் சான்றிதழ் என்பது நீங்கள் பயிற்சி எடுத்த எல்லை. அடுத்த நிலை 30 மீற்றர், அதற்கு மேல் ஆழப் பயிற்சி எடுத்தவர்களுக்கு 40. இவை மூன்றும் பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு உரியவை. பல பயணக் காப்புறுதிகளில் சான்றிதழ் எல்லையைத் தாண்டினால் பணம் தரமாட்டோம் என்று எழுதியிருக்கும். உங்கள் பத்திரத்தை வாசித்துப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கேள்வி அதைவிட நல்ல கேள்வி. ஆழம் ஒரு அளவுகோல்தான். நான் பார்க்கச் சொல்வது வேறு: அந்த டைவின் மிக மோசமான நிமிடத்தில், அதாவது அடியில், கப்பலின் தூரப் பக்கத்தில் வைத்து உங்கள் சோடிக்கு (உங்களோடு சேர்ந்து இறங்குபவருக்கு) காற்று நின்றுபோனால், உங்கள் ஒரே சிலிண்டரில் இருக்கும் காற்றால் இருவரும் அவசரப்படாமல் மேலே வர முடியுமா? இதைக் கடதாசியில் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

வழமையான அலுமினியம் சிலிண்டர் 11.1 லீற்றர். பதற்றத்தில் ஒரு ஆள் நிமிடத்துக்கு 30 லீற்றர் இழுப்பார் என்று வைப்போம். இரண்டு பேருக்கு 60. 24 மீற்றரில் அழுத்தம் 3.4 பார், அதாவது கரையில் இருப்பதைப்போல 3.4 மடங்கு; காற்றும் அத்தனை மடங்கு செலவாகும்.

அடியில் நிலைமையைப் புரிந்துகொண்டு உதிரி றெகுலேற்றரை (மூச்சு எடுக்கும் வாய்க்கருவியை) கொடுக்க 1 நிமிடம்: 60 × 3.4 = 204 லீற்றர்.
24 இலிருந்து 5 மீற்றருக்கு, நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 2 நிமிடம், சராசரி 2.45 பார்: 294 லீற்றர்.
5 மீற்றரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 60 × 1.5 × 3 = 270 லீற்றர்.
கடைசி 5 மீற்றர், ஆறுதலாக 1 நிமிடம்: 75 லீற்றர்.

கூட்டினால் 843 லீற்றர். 11.1 ஆல் பிரித்தால் 76 பார். 80 என்று வையுங்கள். 24 மீற்றரில் மானி 80 காட்டும்போது நீங்கள் ஏற்கெனவே மேலே வரத் தொடங்கியிருக்க வேண்டும். "50 பாருடன் வள்ளத்துக்கு வாங்கோ" என்ற பொது விதி இந்த ஆழத்துக்குப் போதாது.

காரைநகரான்
200 பாரில தொடங்கினா 120 மிச்சம். அது காணும்தானே அக்கா? கையில கட்டுற டைவ் கொம்பியூட்டரும் 24 மீற்றருக்கு அரை மணித்தியாலம் கிட்டக் குடுக்கும்.

சிலிண்டர்காரன்
200 எண்டு ஆர் சொன்னது? கொம்பிரசரில வேகமா நிரப்பினா சிலிண்டர் கையில சுடும். 50 பாகையில 200 காட்டினது, 28 பாகைக் கடலுக்க போனதும் 187 மட்டில வந்து நிக்கும். காத்து எங்கையும் ஒழுகேல்ல, குளிர்ந்திட்டுது, அவ்வளவுதான். மானியைக் கரையில பார்த்த கணக்கை விட்டிட்டு, தண்ணிக்க இறங்கி ரெண்டு நிமிசத்தால பார்த்த இலக்கத்தை வைச்சுக் கணக்குப் போடுங்கோ.

அதோட இன்னொண்டு. மானியைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கோ. ஒவ்வொரு இழுவைக்கும் முள்ளு கீழ போய்த் திரும்பி வந்தால் வால்வு முழுசாத் திறபடேல்ல. மேல நல்லா மூச்சு வரும், 20 மீற்றருக்குக் கீழதான் இறுக்கும். கனபேர் இதைப் பார்க்கிறேல்ல.

நீரோட்டம்
மேலே சொன்னது சரி. அப்ப 190 என்று எடுப்போம். 190 இல் 80 போக 110 பார், அதாவது 1,221 லீற்றர். தம்பி, நீங்கள் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் சுவாசிக்கிறீர்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் 25 என்று வையுங்கள். ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு இறங்குபவருக்கு அது கூடுதல் இல்லை. 25 × 3.4 = 85 லீற்றர் நிமிடத்துக்கு. 1,221 ஐ 85 ஆல் பிரித்தால் 14 நிமிடம். அதற்குள் இறங்குகிற நேரமும் அடக்கம்.

கப்பலில் நங்கூரக் கயிற்றால் இறங்கி அதே கயிற்றால்தான் ஏறுவதென்றால் அந்த 110 இல் பாதிதான் போகும் வழிக்கு. 135 பாரில் திரும்ப வேண்டும். ஏழு நிமிடம் போக, ஏழு நிமிடம் வர.

டெக்கோ (ஏறும் வழியில் நைதரசன் வெளியேறக் கட்டாயமாக நிற்பது) இல்லாமல் அடியில் இருக்கக்கூடிய நேரம் என்பது வேறு கணக்கு. பாடி (PADI) என்ற சுழியோட்டப் பயிற்சி நிறுவனத்தின் அட்டவணையில் 18 மீற்றருக்கு 56 நிமிடம், 25 மீற்றருக்கு 29, 30 மீற்றருக்கு 20, 40 மீற்றருக்கு 9. உங்கள் நிலையில் 24 மீற்றரில் அந்த 29 நிமிடம் வருவதற்கு முன்பே காற்று முடிந்துவிடும். கொம்பியூட்டர் நேரத்தைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதே கணக்கை உங்கள் 14 மீற்றர் முருகைக்கல்லுக்குப் போட்டுப் பாருங்கள். ஏறுவதற்கு ஒதுக்கி வைக்கும் காற்று 60 பாருக்குள் வரும், அடியில் 20 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். பத்து மீற்றர் வித்தியாசம் என்ன செய்கிறது என்று அதில் தெரியும்.

பருத்தித்துறைப்பெடியன்
இவ்வளவு கணக்குத் தேவையோ? குருநகர், மன்னார்ப் பக்கம் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கிற ஆக்கள் சான்றிதழைக் கண்ணால கண்டதில்லை. 20 மீற்றர் அவங்களுக்கு வாசல்படி மாதிரி. வழிகாட்டி பக்கத்தில நிக்கேக்க என்ன நடக்கப்போகுது?

ஆஸ்பத்திரிவீதி
அந்தத் தொழிலாளிகளின் கடலறிவை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் மூட்டு நோவோடும் கால் வழங்காமலும் இருக்கிறார்கள் என்பது கரையோரக் கிராமங்களில் தெரிந்த கதை. ஒரு நாளில் பல சிலிண்டர், இடைவெளி குறைவு, நிறுத்தம் இல்லாமல் ஏறுவது: இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் கிடைக்காமல் குமிழியாகிறது. ஆழம் அவர்களுக்குப் பழகியிருக்கலாம், நைதரசனுக்குப் பழக்கம் வழக்கம் கிடையாது.

இந்தக் குமிழி நோயின் அறிகுறிகளையும் சொல்லி விடுகிறேன்: தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் ஆழமான நோ; விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு; காலில் பலக்குறைவு; சிறுநீர் போக முடியாமை; வழமைக்கு மாறான களைப்பு. பெரும்பாலும் ஏறி ஆறு மணித்தியாலத்துக்குள் தெரியும், சிலருக்கு ஒரு நாள் வரை பிந்தும். படுக்க வைத்து 100 வீத ஒட்சிசன், நிமிடத்துக்கு 15 லீற்றர். நோகுது என்று திரும்பவும் தண்ணீருக்குள் இறக்குவது பழைய பழக்கம், செய்யக்கூடாது. 1990 க்கு அழையுங்கள். அழுத்த அறை (நோயாளியைத் திரும்ப அழுத்தத்துக்குள் வைத்துக் குமிழியைக் கரைக்கும் அறை) திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. பாசிக்குடாவிலிருந்து அது தரைவழியே இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல். யாழ்ப்பாணத்திலிருந்து நாலைந்து மணித்தியாலம். டைவைத் தெரிவு செய்யும்போது இந்தத் தூரமும் கணக்கில் வரவேணும். அறை பக்கத்து வீதியில் இருக்கும் நாட்டில் எடுக்கிற துணிவை இங்கே எடுக்க முடியாது.

நீரோட்டம்
வழிகாட்டி பற்றி. அவர் வழி காட்டுவார், மீன் காட்டுவார், நேரம் பார்ப்பார். ஆனால் அவர் முன்னால் நீந்துகிறார். ஆறு பேர் பின்னால். ஐந்து மீற்றர் பார்வைத் தெளிவில் ஆறாவது ஆளை அவர் காணமாட்டார். ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியது "வழிகாட்டி வருவாரா" என்றல்ல. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? எத்தனை பாரில் திரும்புவோம், எத்தனை பாரில் ஏறுவோம்? ஒருவருக்குக் காற்று முதலில் முடிந்தால் அவரோடு யார் ஏறுவது, மற்றவர்கள் என்ன செய்வது? நங்கூரக் கயிறு கப்பலில் கட்டியிருக்குமா, வள்ளம் எங்களைப் பின்தொடருமா? வள்ளத்தில் ஒட்சிசன் எத்தனை லீற்றர்? (நிமிடத்துக்கு 15 என்றால் அரை மணித்தியாலத்துக்கு 450 லீற்றர். ஒரு சின்ன சிலிண்டர் கரைக்கு வரும் வரைதான்.) இவற்றுக்குச் சிரிப்பு மட்டும் பதிலாக வந்தால் அங்கே காசு கொடுக்காதீர்கள்.

வாடைக்காற்று
நான் கடல் பக்கம் சொல்லுறன். ஆழம் ஒண்டு, நீரோட்டம் இன்னொண்டு. 12 மீற்றரில வலிச்ச நீரோட்டம் 24 மீற்றர் அமைதியான கடலைவிட மோசம்.

அளக்கிறது லேசு. வள்ளம் நங்கூரத்தில நிக்கேக்க முன்னணியத்தில ஒரு தேங்காய்ப் பொச்சையோ மரத்துண்டையோ போடுங்கோ. 18 அடி ஃபைபர் வள்ளம் எண்டால் ஐந்தரை மீற்றர். பொச்சு பின்னணியத்துக்கு வர 11 செக்கன் எடுத்தால் நீரோட்டம் ஒரு நொட். அதாவது நிமிசத்துக்கு 30 மீற்றர். காலில நீச்சல் செட்டை போட்ட நல்ல ஆள்கூட அதுக்கு எதிரா கொஞ்ச நேரம்தான் வலிப்பார். மூச்சு ரெண்டு மடங்காகும், மேல போட்ட 25 லீற்றர் கணக்கெல்லாம் போச்சு. 20 செக்கனுக்கு மேல எடுத்தால் புதுசா வாற ஆள் இறங்கலாம். 11 க்குக் கீழ எண்டால் கயிற்றுக்குத் திரும்பி வாற டைவ் செய்யாதேங்கோ. மேல பார்த்தது மேல்தண்ணி மட்டும்தான், அடியில வேற திசையில ஓடலாம், அதையும் நினைப்பில வைச்சிருங்கோ. நங்கூரக் கயிறு எந்தச் சரிவில இறுகி நிக்குது எண்டு பார்த்தால் கொஞ்சம் விளங்கும்.

பாசிக்குடா, திருகோணமலைப் பக்கம் ஏப்ரல் கடைசியில இருந்து செப்டம்பர் மட்டும்தான் கடல் அடங்கியிருக்கும். அந்த மாசங்களிலயும் விடியப்புறம் நல்லம், மத்தியானத்துக்குப் பிறகு காத்து எழும்பும். முதல் டைவை ஆழமானதா வைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பருத்தித்துறைப்பெடியன்
சரி அண்ணை, அப்ப அவ்வளவு தூரம் ஏன்? எங்கட கடலிலயே இறங்கலாமே. பண்ணைப் பக்கம், ஊர்காவற்றுறை, நெடுந்தீவு எல்லாம் ஆழம் இல்லை. 6–8 மீற்றருக்குள்ள. தம்பிக்கு அது லேசுதானே?

வாடைக்காற்று
ஆழம் இல்லை எண்டதுக்காக லேசு இல்லை. பாக்குநீரிணைப் பக்கம் அடி சேறும் மணலும். காத்து ரெண்டு நாள் அடிச்சால் கையை நீட்டினால் விரல் தெரியாது. சோழகத்துக்கு தீவுப் பக்கம் கலங்கும், வாடைக்கு வடமராட்சி, காங்கேசன்துறைப் பக்கம் எழும்பும். தெளிவு ரெண்டு மீற்றருக்குக் கீழ எண்டால் சோடியைக் கையால பிடிச்சபடிதான் போகோணும்.

பிறகு வலை. அறுந்துபோன நைலோன் வலை தண்ணிக்க தெரியாது. சிலிண்டர் வால்வில, செட்டை வாரில கொழுவும். திரும்பித் திரும்பிச் சுத்தினால் இன்னும் சுத்தும். நிண்டு, மெல்லப் பின்னால வந்து, சோடியைக் கொண்டு வெட்டுவிக்கோணும். காலில கட்டின பெரிய கத்தியைவிட நெஞ்சுப் பக்கம் எந்தக் கையாலயும் எட்டக்கூடிய சின்ன நூல்வெட்டி நல்லம். அதோட வள்ளங்கள். ஆள் கீழ நிக்குது எண்டு காட்டுற மிதவைப் பலூன் மேல இல்லாமல் எங்கட கடலில தலையைத் தூக்கிறது றோட்டுக்குக் குறுக்கால கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற மாதிரி.

நீரோட்டம்
இன்னொன்று. ஆழம் குறைந்த இடத்தில்தான் மிதப்பை அடக்குவது கடினம். 0 இலிருந்து 10 மீற்றருக்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிறது; 20 இலிருந்து 30 க்கு மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. மிதப்புக்காகக் காற்றடைக்கும் ஜாக்கெட்டில் உள்ள காற்று 5 மீற்றரில் கையை மீறிப் போவது அதனால்தான். மூச்சைப் பிடித்தபடி ஏறினால் நுரையீரல் கிழிய ஒன்றேகால் மீற்றர் போதும். ஆழம் இல்லாத கடலில் டெக்கோ ஆபத்து குறைவு, இந்த ஆபத்து குறைவதில்லை.

மண்கும்பான்
ஒரு பக்கக் கேள்வி. நிலாவரைக் கிணறு? அங்க நீரோட்டமும் இல்லை, வள்ளமும் இல்லை.

நீரோட்டம்
வேண்டவே வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இடம் என்பது ஒருபுறம். அது சுண்ணாம்புக் கல்லில் விழுந்த குழி. மேலே நன்னீர், கீழே உவர்நீர். இரண்டும் சேரும் மட்டத்தில் கலங்கினால் பார்வை மங்கும். பக்கவாட்டில் கல்லுக்கடியில் போனால் நேரே மேலே வர முடியாது. தலைக்கு மேல் கூரை இருக்கும் எந்த இடமும் குகைப் பயிற்சி எடுத்தவர்களுக்கு உரியது: தொடர் வழிநூல், மூன்றில் ஒரு பங்கு காற்றுதான் உள்ளே போக, ஆளுக்கு மூன்று விளக்கு. கப்பலின் உட்புறமும் அப்படித்தான் காரைநகரான் தம்பி. வெளியே சுற்றிப் பார்ப்பது வேறு, ஒரு கதவால் நுழைந்து மறு கதவால் வருவது வேறு. "சின்னத் துவாரம்தான், அங்கால வெளிச்சம் தெரியுது" என்று கூப்பிட்டாலும் தலையை ஆட்டி மறுத்து விடுங்கள். துருவும் சேறும் ஒரு செட்டை அடியில் கிளம்பி வெளிச்சத்தை மூடிவிடும்.

மண்கும்பான்
அப்ப மட்டக்களப்பு ஹெர்மஸ்?

சிலிண்டர்காரன்
1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் மூழ்கடிச்ச விமானந்தாங்கிக் கப்பல். 307 பேர் அதில இறந்தவை. பிரிட்டிஷ் சார்ஜன்டும் அதே நாள் போனதுதான். ஆனால் ஹெர்மஸ் கிடக்கிறது 53 மீற்றரில. சாதாரணக் காத்தோட அங்க போனால் லீற்றருக்கு ஏழரைக் கிராமுக்கு மேல அடர்த்தி. 6.2 க்கு மேல போகாதேங்கோ எண்டுதான் ஆலோசனை, ஏனெண்டால் மூச்சு வெளியேறாமல் கரியமில வாயு தேங்கும். நைதரசன் மயக்கம் (ஆழத்தில நைதரசனால வெறிச்ச மாதிரி வாறது) வேற, கட்டாய டெக்கோ நிறுத்தம் வேற. ஹீலியம் கலந்த வாயு, ரெண்டு சிலிண்டர், டெக்கோ சிலிண்டர், அதுக்கான படிப்பு. இந்த இழைக்குள்ள அது வராது.

காரைநகரான்
கனக்க விளங்குது. அப்ப என்ர அனுபவத்தை நானே எப்பிடி அளக்கிறது? குறிப்புப் புத்தகத்தில மொத்த எண்ணிக்கை மட்டும் பார்த்தால் காணாதுதானே.

நீரோட்டம்
காணாது. மொத்த எண்ணிக்கையைவிட கடைசி பன்னிரண்டு மாதம் முக்கியம். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி என்றால் பயிற்றுநரோடு ஒரு மீள்பயிற்சி, 6–8 மீற்றரில், வேறு எந்த நோக்கமும் இல்லாமல்.

அதில் பார்க்க வேண்டியவை: முகமூடியை முழுதாகக் கழற்றி, அடியைத் தொடாமல், மிதந்த நிலையிலேயே போட்டு நீரை வெளியேற்றுகிறீர்களா? கயிற்றைப் பிடிக்காமல் 5 மீற்றரில் மூன்று நிமிடம், ஒரு மீற்றருக்கு மேல் ஏறி இறங்காமல் நிற்கிறீர்களா? சோடியின் உதிரி றெகுலேற்றரை எடுத்து, அவர் கையைப் பிடித்து, நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஒன்றாக ஏறி நிறுத்தமும் செய்கிறீர்களா? இரண்டாவதில்தான் அதிகம் பேர் விழுவார்கள். 5 மீற்றரில் நிற்க முடியாதவருக்கு 24 மீற்றர் டைவின் கடைசி மூன்று நிமிடம் கிடையாது.

உங்கள் மூச்சளவையும் அங்கேயே எடுங்கள். 12 மீற்றரில் மட்டமாக நீந்தி, தொடக்க பாரும் பத்து நிமிடத்துக்குப் பின் பாரும் எழுதுங்கள். 150 இலிருந்து 100 க்கு வந்தால் 50 × 11.1 = 555 லீற்றர்; 10 நிமிடத்தால் பிரித்தால் 55.5, 12 மீற்றரின் 2.2 பாரால் பிரித்தால் 25. இந்த இலக்கம் இல்லாமல் ஆழமான டைவைத் திட்டமிடுவது ஊகம்தான்.

பிறகு ஒரு தடவைக்கு ஒரு புதுமை. ஆழம் புதிது என்றால் மற்ற எல்லாம் பழையதாக இருக்கட்டும்: தெரிந்த சோடி, பழகிய ஜாக்கெட், நல்ல தெளிவு, கமரா இல்லை. உங்கள் பாசிக்குடாத் திட்டத்தில் புதியவை எத்தனை என்று எண்ணுங்கள். ஆழம், கப்பல், இடம், நங்கூரக் கயிறு, வாடகைக் கருவி, ஒரு வருட இடைவெளி.

சிலிண்டர்காரன்
வாடகைக் கருவி எண்டபடியால் ஈயத்தை, அதுதான் தாழுறதுக்குக் கட்டுற பாரத்தை, பாருங்கோ. பாரம் கூடப் போட்டால் ஜாக்கெட்டில கூடக் காத்து அடைக்கோணும், அந்தக் காத்து ஏறேக்க விரியும், ஆள் பந்து மாதிரிப் போவார். சரியா அளக்கிறது இப்பிடி: சிலிண்டரில 50 பார் மட்டில இருக்கேக்க, நெஞ்சளவுக்கு மேலான தண்ணியில, ஜாக்கெட்டை வெறுமையாக்கி, சாதாரண மூச்சை உள்ள வைச்சுக்கொண்டு காலை ஊண்டாமல், அசையாமல் மிதவுங்கோ. தண்ணி கண் மட்டத்தில நிக்கோணும். மூச்சை விட்டதும் மெல்லத் தாழோணும். கசூரினாக் கடற்கரையில அமைதியான காலமை இதுக்கு நல்ல இடம்.

நிரம்பின சிலிண்டரோட அளந்தால் பிழைக்கும். உள்ள இருக்கிற காத்தே ரெண்டரைக் கிலோவுக்கு மேல. அலுமினியம் எண்டால் கடைசியில சிலிண்டரே மேல மிதக்கப் பார்க்கும், நிறுத்தத்தில நிக்க ஏலாமல் போறது அப்பதான். நீச்சல் தடாகத்தில அளந்த ஈயத்தைக் கடலுக்கு அப்பிடியே கொண்டு போறதும் பிழை: ஆள், உடுப்பு, கருவி எல்லாம் சேர்த்து 100 கிலோ எண்டால் உப்புத்தண்ணிக்கு ரெண்டரைக் கிலோ கூட வேணும்.

காத்தையும் மணந்து பாருங்கோ. எண்ணெய் மணமோ புகை மணமோ வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். கொம்பிரசர் உறிஞ்சுற வாய் எஞ்சின் புகைக்குழாய்க்குக் கிட்ட இருந்தால் காபன் மொனொக்சைட் உள்ள வரும். அதுக்கு மணம் இல்லை, அதோட வாற புகைக்குத்தான் மணம். சிலிண்டர் தோளில குத்தியிருக்கிற அழுத்தச் சோதனைத் திகதி அஞ்சு வருசத்துக்குள்ள இருக்கோணும்.

ஆஸ்பத்திரிவீதி
யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கென்று ஒன்று. இரவு வானில் வெளிக்கிட்டு, ஆறேழு மணித்தியாலம் நித்திரை இல்லாமல் குலுங்கி, காலை எட்டு மணிக்கு 24 மீற்றரில் இறங்குவது மோசமான திட்டம். நித்திரைக் குறைவும் நீரிழப்பும் நைதரசன் மயக்கத்தையும் குமிழி ஆபத்தையும் கூட்டும். முதல் நாளே போய்ப் படுங்கள். அன்றிரவு சாராயம் வேண்டாம்.

தடிமன் இருந்தால் டைவ் இல்லை. காது அடைப்பு முதல் பத்து மீற்றருக்குள்தான் அதிகம் படுத்தும். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கினால் அடியில் அதன் வேலை முடியும், ஏறும்போது காற்று வெளியேற வழி இல்லாமல் சைனசும் காதும் வெடிப்பது போல நோகும். இறங்கும்போது வந்த அடைப்பைத் திரும்பி ஏறித் தவிர்க்கலாம், ஏறும்போது வந்ததைத் தவிர்க்க இடமில்லை.

தொய்வு, இதய நோய், வலிப்பு, அண்மையில் நெஞ்சு அல்லது காதுச் சத்திரசிகிச்சை: மருத்துவப் படிவத்தில் 'இல்லை' என்று கண்ணை மூடிக் கீறவேண்டாம். படிவம் நிறுவனத்துக்காக என்று நினைக்கிறார்கள். இல்லை, நீருக்குள் போவது நீங்கள்.

பருத்தித்துறைப்பெடியன்
சரி, நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் எல்லாத்தையும் இப்பிடிப் பார்த்தால் ஒருத்தரும் 18 மீற்றரைத் தாண்டேலாதே?

நீரோட்டம்
தாண்டலாம். பயிற்சி டைவாகத் தாண்டுங்கள். அடுத்த நிலைப் பாடத்தில் ஆழ டைவ் கட்டாயம். அதைப் பயிற்றுநரோடு, அவர் உங்களை மட்டுமோ இன்னொருவரை மட்டுமோ பார்க்கும்படி, இதே கப்பலில்கூடச் செய்யலாம். அப்போது 24 மீற்றர் உங்களுக்குப் பொருத்தமான டைவ். அதே ஆழம், அதே கப்பல்; கூட வருபவரின் வேலை என்ன என்பதுதான் மாறுகிறது.

எப்படி ஏறினாலும் நிறுத்தும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பெருவிரலை மேலே காட்டினால் "ஏறுவோம்" என்று அர்த்தம், காரணம் கேட்பதில்லை. (படத்துக்குப் 'சுப்பர்' என்று பெருவிரல் காட்டுகிற பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். முழு அணியும் ஏறிவிடும்.)

காரைநகரான்
எல்லாருக்கும் நன்றி. ஏற்பாட்டாளரோட கதைச்சன். வரிசையை மாத்தியிருக்கு: முதல் நாள் பின்னேரம் 8 மீற்றரில மீள்பயிற்சி, அடுத்த நாள் 14 மீற்றர் முருகைக்கல் ரெண்டு தரம். கப்பலுக்கு மற்றவை போகேக்க நான் வள்ளத்தில. சித்திரைக்குப் பிறகு அடுத்த நிலைப் பாடம் எடுத்திட்டு வாறன். ரெண்டு கேள்வி மிச்சம். எங்களில ஒருத்தர் அடுத்த நாள் பலாலியில இருந்து சென்னைக்குப் பறக்கிறார், எவ்வளவு நேரம் விடோணும்? மற்றது, மிதவைப் பலூன் வாங்கிறது எண்டால் எத்தனை மீற்றர் நூல்?

ஆஸ்பத்திரிவீதி
டெக்கோ நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம். ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18. நண்பருக்கு 24 என்று சொல்லுங்கள், பறப்பு நேரம் மாறினாலும் கணக்கு உடையாது. நுவரெலியாவுக்கு வானில் ஏறுகிறவர்களுக்கும் இதேதான். அது 1,868 மீற்றர் உயரம்.

வாடைக்காற்று
பாதுகாப்பு நிறுத்தத்தில இருந்து விடுறதுக்கு 15 மீற்றர் நூல் காணும். அடியில இருந்து விடுறது எண்டால் 30 க்கு மேல. உங்களுக்கு இப்ப 15 தான், விரலில சுத்துற சின்ன உருளை, கைபிடி வைச்ச றீல் வேண்டாம், அது இறுகி நிண்டால் ஆளையும் மேல இழுக்கும். பலூன் ஒண்டேகால் மீற்றருக்குக் குறையாமல், செம்மஞ்சள் நிறம். 5 மீற்றரில ரெண்டு மூச்சு ஊதினால் காணும், மேல போகேக்க ஒண்டரை மடங்கா விரியும். ஊதேக்க நூலை விரலில சுத்தாதேங்கோ, கிளிப்பை உங்கட ஜாக்கெட்டில கொழுவாதேங்கோ, சோடி கொஞ்சம் தள்ளி நிண்டு உங்கட ஆழத்தைப் பார்க்கட்டும். உருளை சிக்கினால் விட்டிடுங்கோ, 5 மீற்றரில விட்ட உருளை பலூனுக்குக் கீழ தொங்கிக்கொண்டு நிக்கும், மேல வந்து எடுக்கலாம். முதல் தரம் விடுறதை அந்த 8 மீற்றர் மீள்பயிற்சியிலயே செய்து பாருங்கோ, கப்பலுக்குப் போற அண்டைக்கு வைச்சிருக்காதேங்கோ.